"பம்ப் போச்சு" என்று சொல்வதற்கு முன்னால்...



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி பக்கம் ஓடும் பழைய வாடகைக் கார் ஒன்று மதிய வெயிலில் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால், பட்டறையில் முதல் தீர்ப்பு, "பம்ப் போச்சுண்ணே!" பம்பை மாற்ற சில ஆயிரம் ஆகும். மாற்றியும் தகராறு தீரவில்லை என்றால் ஓட்டுநரின் பல நாள் சவாரிப் பணம் போச்சு. பல நேரம் குற்றவாளி, உள்ளங்கையில் அடங்கும் பிரஷர் ரெகுலேட்டர்தான்.

1983-ல் வந்த மாருதி 800 கார்புரேட்டர் வண்டி. 2000-ல் அதில் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. 2014-ல் உற்பத்தி நின்றது. அந்தத் தலைமுறை வண்டிகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறக்க வேண்டும் என்பதை மட்டுமே கம்ப்யூட்டர் சொல்லும். அதற்குள் எவ்வளவு பெட்ரோல் போகும் என்பது, ரெயில் அழுத்தத்துக்கும் மேனிஃபோல்டு அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. அந்த வித்தியாசம் மாறாமல் பார்ப்பதே ரெகுலேட்டரின் வேலை. உள்ளே ஒரு டயாஃபிரம், ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். ஐடிலில் வேக்குவம் டயாஃபிரமை இழுக்கும். ரிட்டர்ன் வழி கூடுதலாகத் திறந்து அழுத்தம் இறங்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வேக்குவம் குறைந்து அழுத்தம் ஏறும்.

கேஜ் மாட்டுமுன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சினை அது தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். பாட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, துணி சுற்றித்தான் பைப்பைத் திறக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். சர்வீஸ் பள்ளத்தில் போய்த் தேங்கும். பக்கத்தில் வெல்டிங்கோ பீடியோ கூடவே கூடாது. இதில் மட்டும் "பார்த்துக்கலாம்" வேண்டாம்.

கேஜை மாட்டி, ஃபியூஸையும் பாட்டரியையும் இணைத்து, கசிவில்லை என்று உறுதி செய்தபின் ஸ்டார்ட் பண்ணுங்கள். ஐடிலில் அளவைக் குறித்துக்கொண்டு, ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைப் பிடுங்கி, அதன் வாயை விரலால் அடையுங்கள். அழுத்தம் சுமார் அரை பார் ஏற வேண்டும். பல வண்டிகளில் அப்போது 2.5 முதல் 3 பார் வரை காட்டும். சரியான அளவு அந்தந்த சர்வீஸ் மேனுவலில் இருக்கும். விரலில் உறிஞ்சல் தெரிந்தும் முள் நகரவில்லை என்றால் ரெகுலேட்டர் சரியில்லை. ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தாலோ டயாஃபிரம் கிழிந்தாச்சு. கரும்புகையும் மைலேஜ் இழப்பும் அதனால்தான். வேறு சோதனையே தேவையில்லை.

அழுத்தம் குறைவா? ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை ஒரு நொடி மட்டும் லேசாக நசுக்கிப் பாருங்கள். முள் சட்டென்று ஏறினால் பம்ப் நல்லா இருக்கு. ஏறாவிட்டால் ஃபில்டரைப் பாருங்கள், பம்ப் அதற்கப்புறம்தான். அழுத்தம் அதிகமென்றாலும் அவசரப்படாதீர்கள், ரிட்டர்ன் பைப் எங்காவது நசுங்கியிருக்கலாம்.

நம்ம ஊருக்கு முக்கியமானது கடைசிச் சோதனை. எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். நின்ற எஞ்சினின் சூடு ரெயிலுக்கு ஏறும். அழுத்தம் இருந்தால்தான் பெட்ரோல் ஆவியாகாமல் இருக்கும். மதியத்தில் டீ குடித்துவிட்டு வந்தால் கிளம்பாத வண்டிக்கு இதுவே காரணமாக இருக்கலாம். முள் மடமடவென்று இறங்கினால், மறுபடி ஓட்டி அணைத்தவுடன் ரிட்டர்ன் ஹோஸை நசுக்குங்கள். இப்போது நின்றால் ரெகுலேட்டர்; அப்பவும் இறங்கினால் பம்பின் செக் வால்வு அல்லது ஒழுகும் இன்ஜெக்டர்.

புதிய கார்கள் பலவற்றில் ரெகுலேட்டர் டேங்க்குக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கிறது. அங்கே வேக்குவம் ஹோஸும் கிடையாது, எஞ்சின் வரை வரும் ரிட்டர்னும் கிடையாது. கேஜையும் மேனுவலையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி.