படகு தேய்கிறது, கணக்கில் தெரிகிறதா?

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குச் சாமான் ஏற்றும் படகு வைத்திருக்கும் ஒரு நானா என்னிடம் கேட்டார்: "வருசா வருசம் லாபம் வருது தம்பி. ஆனா எஞ்சின் மாத்தக் காசில்லையே, எங்க போச்சு?"

படகும் எஞ்சினும் தேய்ந்த பணத்தையும் இலாபம் என்று எண்ணிச் செலவழித்துவிட்டார். இதை முன்கூட்டியே காட்டித் தருவதுதான் தேறிய நிலையான சொத்துக் கணக்கு.

கட்டடம், படகு, எஞ்சின், தராசு போன்று தொழிலில் நீண்ட காலம் பாவிப்பவை நிலையான சொத்துக்கள். வாங்கிய விலையில் இதுவரையான பெறுமானத்தேய்வைக் கழித்தால் வருவது தேறிய பெறுமதி. காணிக்குத் தேய்வு இல்லை.

ஒவ்வொரு வருடமும் எழுத வேண்டியது இதுதான்: வருடத் தொடக்கப் பெறுமதியுடன் புதிதாக வாங்கியவற்றைக் கூட்டுங்கள். விற்றவற்றின் ஏட்டுப் பெறுமதியையும் அவ்வருடத் தேய்வையும் கழியுங்கள். வருட இறுதிப் பெறுமதி கிடைக்கும். சாதாரண திருத்த வேலைச் செலவை இதில் கூட்டக் கூடாது.

ஓர் உதாரணம். படகு 10 இலட்சம், ஆயுள் 10 வருடம். எஞ்சின் 5 இலட்சம், ஆயுள் 5 வருடம். வருடத் தேய்வு 2 இலட்சம். தொடக்கத்தில் 15 இலட்சம். அடுத்தடுத்த வருட இறுதிகளில் 13, 11, 9, 7 இலட்சம். நான்கு வருடத்தில் 8 இலட்சம் தேய்ந்துவிட்டது. புதிதாக வாங்கியதோ ஒன்றுமில்லை. எஞ்சினுக்கு இன்னும் ஒரு வருடமே ஆயுள். இப்படி இறங்கிக்கொண்டே போனால், தேய்வுப் பணம் தனியாக இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

அதுவும் போதாமல் போகலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதி எஞ்சினைப் பழைய விலைக்கு மீண்டும் வாங்க முடியுமா? ஆகவே வருடம் ஒருமுறை புதிய விலையை விசாரித்து, ஒதுக்கும் தொகையைக் கூட்டுங்கள்.

வரிக்கான தேய்வு வேறு. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் படகுகளுக்கு 5 வருடமும் கட்டடங்களுக்கு 20 வருடமும் வைத்துள்ளது. உப்புக் காற்றில் உங்கள் படகு எத்தனை வருடம் உழைக்கும் என்பதை நீங்களே கணியுங்கள்.

ஸகாத் கணக்குப் பார்க்கும்போதும் இந்தப் பதிவு உதவும். விற்பனைச் சரக்கையும் தொழிற் கருவிகளையும் அது வேறாக்கிக் காட்டும்.

ஒரு கொப்பி போதும். ஒரு சொத்துக்கு ஒரு பக்கம். இந்த வாரமே தொடங்குங்கள்.