ஏரிக்கரை வீட்டில் ஆடும் கோழியும்

(இளம் அறிவியல் விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

‘மாடு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் ‘செல்வம்’ என்றும் ஒரு பொருள் உண்டு. வள்ளுவப் பெருந்தகை கல்வி அதிகாரத்தில் அந்தப் பொருளிலேயே அச்சொல்லைக் கையாண்டு, கல்வியே அழியாத செல்வம் என்கிறார். இதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது விளங்கியதைவிட, இக்கல்லூரியில் சேர்ந்த அன்றுதான் எனக்கு நன்றாக விளங்கியது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்க்கைக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் பேருந்துச் செலவுக்கும் அம்மா இரண்டு கிடாய்களை விற்றார். ஆகவே எங்கள் வீட்டில் ஒரு செல்வம் இன்னொரு செல்வமாக மாறியது எனலாம்.

மீனவர் வீடு என்றால் படகும் வலையும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். வீட்டின் பின்புறத்தில் கட்டியிருக்கும் ஆட்டையும், கூடையில் கவிழ்த்த கோழியையும் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பழவேற்காட்டுக் குப்பங்களில் அவற்றின் இடம் என்ன, அவற்றைக் காக்க நாம் அறிய வேண்டியது என்ன என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

ஏரியும் பாடும்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி நமது திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளது. ஆரணியாறு முதலியவை நன்னீரைக் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. இவ்விரண்டின் கலப்பில்தான் இறாலும் நண்டும் வளர்கின்றன. கோடையில் முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபடும்போது நீர் வற்றி உப்பு ஏறும், பிடிப்பும் குறையும்.

ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சிலவே. அவற்றை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாட்டுக்குப் ‘பாடு’ என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களில் இம்முறை ஆராய்ச்சியாளர் பலரும் வந்து கற்றுச் சென்ற ஒன்று. வலுத்தவன் நல்ல இடத்தைத் தனக்கே வைத்துக்கொள்ள முடியாது என்பது இதன் சிறப்பு. ஆனால் முறை வராத நாளிலும் உலை வைத்தாக வேண்டுமே! அந்த நாட்களைத் தாங்குபவை ஆடும் கோழியும்தான். அப்பாவின் வருமானம் தண்ணீரில். அம்மாவின் வருமானம் தரையில். இதனால்தான் எங்கள் ஆயா, “ஏரி கைவிட்டாலும் கொல்லை கைவிடாது” என்பார்.

வெள்ளாடு

எங்களிடம் உள்ளவை கலப்பான நாட்டு வெள்ளாடுகள். கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு என்று தமிழகத்தில் பெயர் பெற்ற இனங்களைச் சேர்ந்தவை அல்ல. ஆயினும் உப்புக்காற்றுக்கும் வெயிலுக்கும் பழகியவை. பெட்டையின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். பெரும்பாலும் இரண்டு குட்டி ஈனும்.

ஆடு அசைபோடும் பிராணி. அதன் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள், நம்மால் செரிக்க இயலாத செல்லுலோசைச் சிதைத்துத் தருகின்றன. இதனால்தான் வேறு பயிர் விளையாத உவர் மண்ணிலும் தழையைத் தின்றே அது பாலும் இறைச்சியும் ஆக்குகிறது. இப்பாடத்தை வகுப்பில் கேட்டபோது, அம்மாவின் ஆடு எனக்கு நடமாடும் ஆய்வுக்கூடமாகத் தோன்றியது.

சொந்தமாக ஆடு வாங்க வழியில்லாத வீட்டார் ‘வாரத்துக்கு’ வாங்கி வளர்ப்பர். பெட்டை ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, பிறக்கும் குட்டிகள் சரிபாதி. அம்மாவும் திருமணமான புதிதில் இப்படித்தான் தொடங்கினார். 2011-ஆம் ஆண்டில் ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. ஆட்டைப் பெண்ணின் பெயரில் கொடுத்தது பொருத்தமே. ஏனெனில் தழை ஒடிப்பதும் தண்ணீர் காட்டுவதும் பிரசவம் பார்ப்பதும் அவளே.

ஒரு தொல்லையையும் சொல்லவேண்டும். ஆடு வலையைக் கடிக்கும். நைலான் நூல் வயிற்றில் சிக்கினால் பிராணிக்குக் கேடு. வலை அறுந்தால் வீட்டுக்குக் கேடு. ஆகவே வலை காயும் இடத்தில் ஆட்டை அவிழ்த்து விடுவதில்லை.

நாட்டுக்கோழி

கோழிக்குத் தனித் தீவனம் நாங்கள் வாங்குவதில்லை. இறால் தலை, விலைபோகாத பொடிமீன், நொய் ஆகியவையே போதும். முட்டை ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். ஏரிக்கரையெங்கும் கிடக்கும் கிளிஞ்சல் தூளைக் கோழி கொத்தித் தின்பது அதற்காகவே. ஆனால் மீன் மிகுந்தால் முட்டையில் மீன் வாடை ஏறும். டிரைமெத்திலமின் என்னும் பொருளே இதற்குக் காரணம். முட்டை விற்கும் காலத்தில் அம்மா மீனைக் குறைத்து நொய்யைக் கூட்டுவார். காரணத்தின் பெயரை அறியாமலே அவர் பரிகாரத்தை அறிந்திருந்தார்.

அடை வைத்த 21-ஆம் நாள் குஞ்சு பொரியும். கூடையில் இரும்புத் துண்டும் கரித்துண்டும் போட்டால் இடி முழக்கம் முட்டையைக் கெடுக்காது என்பது ஊர் நம்பிக்கை. இதற்கு அறிவியல் சான்று இல்லை. ஆனால் ஏழாம் நாள் முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, கரு கூடாத கூமுட்டைகளை ஆயா விலக்குவது முழுக்க முழுக்க அறிவியலே. நம் பெரியோரிடம் இரண்டும் கலந்திருக்கின்றன. பிரித்தறிவது நம் கடமை.

நோயும் தடுப்பும்

நான் பதினோராம் வகுப்புப் படித்த ஆண்டு, மழை விட்ட சமயத்தில் எங்கள் ஆறு ஆடுகளுக்கும் காய்ச்சல் கண்டது. கண்ணிலும் மூக்கிலும் சளி வடிந்தது, வாயில் புண், பிறகு கழிச்சல். பத்தே நாளில் ஐந்து ஆடுகள் மடிந்தன. ஊரார் கண்ணேறு என்றனர். சாகும் தறுவாயில் இருந்த ஆட்டை அரை விலைக்குக் கேட்டு ஓர் ஆள் வந்தார். “வியாதியை விற்று இன்னொரு வீட்டுக்கு அனுப்பமாட்டேன்” என்று அம்மா மறுத்து, ஆழக் குழி தோண்டிப் புதைத்தார். பிழைத்தது ஒரே ஒரு பெட்டை. அதன் வழியில் வந்தவையே நான் முன்பு கூறிய இரண்டு கிடாய்கள்.

அது ‘ஆட்டுக்கொல்லி நோய்’ என்று கல்லூரி நூலகத்தில் படித்தபோதுதான் உணர்ந்தேன். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் தமிழகத்தில்தான். 1987-இல், அப்போதைய தென்னார்க்காடு மாவட்டத்தின் அரசூரில். அங்குக் கிடைத்த வைரசைக் கொண்டே பின்னர் ‘அரசூர் 87’ என்னும் தடுப்பூசியும் உருவானது. நோய் பிறந்த ஊரின் பெயரையே மருந்தும் பெற்றது! மாடுகளைக் கொன்று குவித்த வெக்கை நோயின் வைரசும் மனிதரின் தட்டம்மை வைரசும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. வெக்கை நோய் தடுப்பூசியால் உலகை விட்டே ஒழிந்ததாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் அதுவே. எனவே ஆட்டுக்கொல்லியையும் ஒழிக்க முடியும். நான்கு மாதம் நிறைந்த குட்டிக்கு ஒரு முறை ஊசி போட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் காக்கும்.

கோழிக்கு எமன் வெள்ளைக்கழிச்சல். இதனை ‘ராணிக்கெட்’ நோய் என்பர். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரம் இறக்கைத் தோலடியில் ஊசியும் தேவை. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கு. கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். குளிர் குறையவும் கூடாது. எங்கள் வீட்டில் இருப்பதோ பதினொரு கோழி!

சென்ற ஆண்டு, அப்பா இறால் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியிலேயே மருந்தை ஊருக்குக் கொண்டுவந்தேன். மாலையில், கோழிகள் கூட்டில் அடைந்தபின், தெரு முழுதும் வீடு வீடாகச் சென்றோம். கால்நடை ஆய்வாளர் ஊசி போட, நான் கோழியைப் பிடித்துக்கொண்டேன். “படிக்கப் போன பிள்ளை கோழி பிடிக்க வந்திருக்கு” என்று ஓர் அக்கா சிரித்தார். அவர் வீட்டுக் கோழிகளையும் பிடித்தோம். ஒரு குப்பியை ஒரு வீடு வாங்கினால் நட்டம். தெருவே சேர்ந்து வாங்கினால் காப்பு. ஏரியைப் பங்கிடப் பாடு கண்ட எங்கள் முன்னோருக்கு இது புதிய பாடமன்று.

கண்டலும் ஆடும்

ஆட்டைப் புகழ்ந்துவிட்டு அதன் குறையை மறைப்பது முறையாகாது. கரையோரம் முளைக்கும் வெண்கண்டல் கன்றுகளை ஆடு கடித்துவிடும். கண்டல் வேரடியே இறால் குஞ்சுகளின் தொட்டில். ஆகவே அம்மாவின் ஆடு அப்பாவின் வலையை வெறுமையாக்கவும் கூடும்! சீமைக்கருவேல நெற்றைத் தின்று அதன் விதையை எங்கும் பரப்புவதும் ஆடே. இதற்கு வழி எளிது. கன்றுகள் உள்ள இடத்தில் மேய்க்காமல் தழையை ஒடித்துக் கட்டலாம். கருவேல நெற்றைக் காயவைத்து, விதை நொறுங்க இடித்துக் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் தம்பி இப்போது ஆட்டைக் கயிற்றில் பிடித்தே மேய்க்கிறான்.

முடிவுரை

வீட்டுப் பிராணி வளர்ப்பு மீனவர் குடும்பத்துக்கு ஓர் உபதொழில் மட்டுமன்று. முறை வராத நாளின் சோறும், பிள்ளையின் படிப்பும் ஆகும். ஐந்து ஆடுகள் மடிந்த அந்தப் பத்து நாளில் ஊசியைப் பற்றிச் சொல்ல எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. இன்று சொல்ல நான் இருக்கிறேன். நம் கல்லூரியில் என்னைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வந்தோர் பலர். அவர்கள் வீட்டிலும் ஓர் ஆடோ, மாடோ, கோழியோ இருக்கும். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. அந்தச் செய்தியை நம் தெருவில் நாமே முதலில் சொல்வோமாக! நம்மைப் படிக்க வைத்த செல்வத்துக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவே ஆகும்.