இளைத்த உடலும் எழும் பசியும்

அரும்பாடுபட்டு உடல் எடையைக் குறைத்தவர்களுள் பலர், சில ஆண்டுகளுக்குள் பழைய எடைக்கே திரும்பிவிடுகின்றனர். இதற்கு மனவுறுதியின்மையே காரணம் என்று நாம் கருதுதல் தவறு. உடல் இளைத்ததும், கொழுப்பிலிருந்து சுரந்து பசியை அடக்கும் லெப்டின் குறைகிறது. இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் மிகுகிறது. எடை குறைந்து ஓராண்டு கடந்த பின்னரும் இம்மாற்றம் நீடிப்பதை 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த மெல்பர்ன் ஆய்வு காட்டியது.

ஆகவே, பசியை ஆளும் வழியை நாம் கற்றல் வேண்டும். உழைப்பு அதற்குத் துணை செய்யும். மேற்கு வங்கத்துச் சணல் ஆலையொன்றில் 213 பேரிடம் நடத்தப்பெற்று 1956-இல் வெளியான ஆய்வில், அமர்ந்தே பணிபுரிந்தோர் இலேசான வேலை செய்தோரைவிட மிகுதியாக உண்டது தெரியவந்தது. உடல் அசையாதபோது பசி, தேவையின் அளவோடு நிற்பதில்லை. பால்வெட்டிலிருந்து ஓய்வு பெற்றோரும், உட்கார்ந்த வேலைக்கு மாறியோரும் இதனை நினைவிற் கொள்வார்களாக. நாள்தோறும் விரைந்து நடத்தல் நன்று.

உணவில் பருப்பு, மீன், முட்டை, கீரை ஆகியவற்றைக் கூட்டுவோம். இவற்றிலுள்ள புரதமும் நாரும் பசியை நெடுநேரம் தணிக்கும். சீனியும் டின்பாலும் மிகுந்த தேநீர் அவ்வாறு தணிப்பதில்லை. பசி எழுதல் இயற்கை. தட்டில் எதனை இடுவது என்பது நம் கையில் உள்ளது.