எந்தச் சான்று, தம்பி?



மார்த்தாண்டம் தேனைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். உனக்கு எழுத வரும். அதனால் நடையைப் பற்றிப் பேசப்போவதில்லை. ஆனால் 'அரசுச் சான்று பெற்ற தேனையே வாங்குங்கள்' என்று பத்திக்குப் பத்தி சொல்கிறாயே, எந்தச் சான்று? ஓரிடத்திலும் சொல்லவில்லை. எரிச்சலாக வருகிறது.

பாட்டிலில் அச்சிட்ட 14 இலக்க எண், உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொடுத்த உரிமத்தின் எண். விற்க அனுமதி உண்டு என்பதுதான் அதன் பொருள்; உள்ளே இருப்பது நல்ல தேன் என்பதற்கு அது சாட்சி இல்லை. அக்மார்க் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வருவது. ஈரப்பதம், சர்க்கரை அளவு பார்த்துத் தரம் பிரிக்கும். அங்ககச் சான்று, அதாவது இயற்கை வேளாண்மைச் சான்று, வேறு. கோவையில் இருக்கும் தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை 2007 முதல் அதை வழங்குகிறது. நிலம், இடுபொருள், பதிவேடு என்று விளைவித்த முறையைத்தான் முதலில் பார்ப்பார்கள். மரப்பயிர் என்றால் அங்கக முறைக்கு மாற 3 ஆண்டு காலம். புவிசார் குறியீடோ பொருளுக்கும் ஊருக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும். 2023இல் நம் குமரி மாவட்டத்து மட்டி வாழைப்பழம் வாங்கியது அது. யூரியா போட்டு வளர்த்தாலும் மட்டி மட்டிதான்.

நான்கும் அரசு முத்திரை, நான்கும் வேறு வேறு கேள்விக்கு விடை. நீ எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டாய்.

அடுத்தது, 'உறைந்த தேன் கலப்படத் தேன்' என்ற வரி. குமரி மாவட்டத்துக்காரன் எழுதலாமா இதை? நம் தேனில் பெரும்பங்கு ரப்பர் தேன். மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது, இலைக்காம்பின் நுனியில் ஊறும் மதுவைத்தான் தேனீ எடுக்கிறது, பூவிலிருந்து அல்ல. அந்தத் தேன் சீக்கிரம் உறையும். அது அதன் சுபாவம். உன் வரியை நம்பி எத்தனை பேர் நல்ல தேனைத் திருப்பிக் கொடுத்தார்களோ!

இந்தத் தொழில் பட்ட பாடு உனக்குத் தெரியாது. 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் கிராம மையம் நடத்தி, பெட்டியில் தேனீ வளர்ப்பதைப் பரப்பினார். அப்படி வளர்ந்த தொழிலை 1991-92இல் தேனீக்களைத் தாக்கும் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் அடித்துப் போட்டது. குலசேகரம், அருமனைப் பக்கம் போனால் தோட்டத்துக்குத் தோட்டம் காலிப் பெட்டிகள். புழுக்கள் அறைக்குள்ளேயே செத்துக் கிடக்கும். பெட்டியை உடைத்து அடுப்பெரித்த வீடுகள் உண்டு. மிஞ்சிய கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் தொழிலை மீட்டார்கள்.

அவர்களில் பலரும் மழைக்காலத்தில் தேனீக்குச் சர்க்கரைப் பாகு வைக்கிறார்கள். இல்லையென்றால் கூட்டம் ஓடிவிடும். தேனீயோ அடுத்தவன் தோட்டத்து வரப்பைப் பார்த்துப் பறப்பதில்லை. அங்கே மருந்தடித்திருந்தால் தேனீ வளர்ப்பவன் என்ன செய்வான்? நம் ஊர்த் தேனுக்கு அங்ககச் சான்று ஏன் அரிது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. நீ எழுதியிருக்க வேண்டிய கட்டுரை அது.

இன்னொன்றும் விட்டுவிட்டாய். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்தது. எல்லாச் சோதனையிலும் தேறியவை 3 மட்டுமே. உள்நாட்டுச் சோதனைகளில் தப்பிய சர்க்கரைப் பாகுக் கலப்படம், ஜெர்மனி ஆய்வகத்தின் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) சோதனையில் பிடிபட்டது. சோதனை எதைத் தேடுகிறதோ அதைத்தான் கண்டுபிடிக்கும். சான்றின் எல்லையும் அதுதான்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். தேனடைக்குப் புகை போடாமல், தேனீயைக் கையால் ஒதுக்கி அடைச் சட்டத்தை எடுக்கும் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதிய பத்தி இருக்கிறதே, அப்படி ஒரு பத்தி எழுத எனக்கு இந்த வயது வரை வாய்க்கவில்லை.

அடுத்த முறை 'சான்று' என்று எழுதுமுன் மூன்றைக் கேள்: யார் கொடுத்தது, எதைச் சோதித்தது, எதைச் சோதிக்கவில்லை. மூன்றாவதற்கு விடை கிடைத்த பிறகு பேனாவை எடு.