தகரப் பாத்திரத்தில் தண்ணீர்



கொரியப் போரில் அமெரிக்க இராணுவ சாப்ளினாக ஊழியம் செய்தவர் எமில் கபான் என்ற கத்தோலிக்க குரு. 1950 நவம்பரில் உன்சான் என்ற இடத்தில் படை பின்வாங்கியபோது, அவர் தப்பிச் செல்லாமல் காயம்பட்டவர்களோடே தங்கிச் சிறைப்பட்டார். சுடப்படவிருந்த ஒரு வீரரைத் தூக்கிச் சுமந்தார். கைதிகள் முகாமில் தகரத்தைத் தட்டிப் பாத்திரமாக்கி, தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார்; நோயுற்றவர்களின் அழுக்குத் துணிகளைத் துவைத்தார். 1951 மே மாதத்தில், 35ஆம் வயதில், அங்கேயே மரித்தார்.

போர்முனையில் தேவன் எங்கே என்று கேட்கிறோம். அங்கே மரணம் நிற்கவில்லை. ஆனாலும் கைவிடப்பட்டவர்களின் அருகே தேவன் ஒருவரை நிறுத்தினார்.

மத்தேயு 25:40ஐ வாசியுங்கள். இன்று உங்கள் அருகே வியாதிப்படுக்கையில் இருப்பவர் யார்? அவருக்காக ஜெபியுங்கள், பிறகு எழுந்து அவரிடம் போங்கள்.