ஆளைக் கண்டு விளக்கேற்றும் கருவி

கெடா மாநிலத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டில், கழிவறை வீட்டிற்குப் பின்னே இருபது அடி தள்ளி இருக்கின்றது. எண்பது வயதைக் கடந்த என் பாட்டியார் ஓரிரவு அங்குச் செல்லும்பொழுது இருளில் கால் இடறி விழுந்தார். கை எலும்பு முறிந்தது. ஆள் வந்ததும் தானே எரியும் விளக்கொன்றை அமைப்பதென அன்றே முடிவு செய்தேன்.

இதற்குரிய உணர்கருவி எவ்வாறு ஆளைக் காண்கின்றது? நம் உடலினின்று எப்பொழுதும் வெப்பம் கதிராக வெளிப்படுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத அதுவே அகச்சிவப்புக் கதிர். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர், முப்பட்டைக் கண்ணாடி பிரித்துக் காட்டிய நிறங்களுள் சிவப்பிற்கு அப்பால் வெப்பமானியை வைத்தார். ஒளியே தெரியாத அவ்விடத்தில் வெப்பம் ஏறக் கண்டு வியந்தார்.

கருவியின் முகத்தில் உள்ள வெண்ணிற நெகிழி வில்லை, எதிரே உள்ள இடத்தைப் பல பட்டைகளாகப் பிரித்து உள்ளிருக்கும் உணரியின்மீது குவிக்கின்றது. ஒருவர் ஒரு பட்டையைக் கடந்து மறு பட்டைக்குள் புகும்பொழுது வெப்பம் மாறும்; அம்மாற்றமே மின்துடிப்பாகின்றது. ஆகவே அசையாது நிற்பவரை அது அறியாது. நேராகத் தன்னை நோக்கி வருபவரையும் தாமதமாகவே அறியும். குறுக்கே நடப்பவரையே விரைந்து அறியும்.

நானோ இதனை எண்ணாமல், கழிவறைச் சுவரில் வீட்டை நோக்கி அதனைப் பொருத்திவிட்டேன்! பாட்டியார் பாதி வழி வந்த பின்னரே விளக்கு எரிந்தது. பின்பு வேலிக் கம்பத்தில், அவர் குறுக்கே கடக்கும்படி ஆறடி உயரத்தில் மாற்றினேன். வெயிலில் சூடேறிய வாழையிலை காற்றில் ஆடினாலும் கருவி ஏமாறுமாதலால், அருகிருந்த வாழையின் இலைகளையும் கழித்தேன்.

அடுத்தது இணைப்பு. என் கருவி ஸிக்பீ என்னும் முறையில் வானொலி அலை வழியே செய்தி அனுப்புவது. தேனீயின் நடனத்தை ஒட்டி இப்பெயர் அமைந்தது. மிகக் குறைந்த மின்னாற்றலே தேவைப்படுவதால், இரண்டு சிறு மின்கலங்கள் நெடுநாள் உழைக்கும். கூடத்தில் உள்ள நடுவக் கருவியைப் புதிய உறுப்பினரை ஏற்கும் நிலைக்குக் கொண்டு வந்து, உணர்கருவியின் பொத்தானைச் சிறுவிளக்கு மின்னும்வரை அழுத்தினேன். இரண்டும் அருகருகே இருந்ததால் உடனே இணைந்தன. ஆனால் வேலிக்குக் கொண்டு சென்றதும் செய்தி வரவில்லை! இடையில் இருந்த செங்கற்சுவரும் துத்தநாகத் தகடும் அலையைத் தடுத்துவிட்டன. அடுக்களையில் ஸிக்பீ மின்செருகி ஒன்றை மாட்டினேன். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் அத்தகைய கருவி, செய்தியை வாங்கி அப்பால் அனுப்பும் அஞ்சற்காரனாகும். தடை நீங்கிற்று.

பின்னர் நடுவக் கருவிக்கு ஒரு கட்டளை எழுதினேன்: கதிரவன் மறைந்தபின் அசைவு தெரிந்தால் விளக்கு எரிக, மூன்று நிமிடம் அசைவு இல்லையேல் அணைக. முதல் இரவே கழிவறைக்குள்ளிருந்து, "ஐயா! விளக்கு போச்சுடா!" என்று பாட்டியாரின் குரல் கேட்டது. உள்ளே அமர்ந்திருப்பவரை வேலியில் உள்ள கருவி எங்ஙனம் காணும்? மூன்றினைப் பதினைந்தாக மாற்றினேன்.

ஒரு வாரம் சென்று விளக்கு முற்றிலும் எரியாமற்போயிற்று. கருவியைக் கழற்றினேன், மின்கலத்தை மாற்றினேன், பயனில்லை. மின்சாரத்தைச் சிக்கனம் செய்யும் நீண்டநாள் பழக்கத்தால், பாட்டியார் உறங்கச் செல்லுமுன் சுவர்ச் சுவிட்சை அணைத்திருக்கின்றார்! மின்சாரம் இல்லாத விளக்குக்கு யார் கட்டளையிட்டாலும் கேட்காதன்றோ? இப்பொழுது அச்சுவிட்சின்மீது ஓர் ஒட்டுத்தாள் இருக்கின்றது. விளக்கு நாள்தோறும் எரிகின்றது. எங்கள் வீட்டுப் பூனைக்காகவும் எரிகின்றது.