முகம் பார்த்து ஷியாட்சு தொடங்குவது எப்படி?

உடலை விரலால் அழுத்திச் செய்யும் ஜப்பானியச் சிகிச்சையான ஷியாட்சுவில் கை படுவதற்கு முன்பே கண் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பார்த்தல், கேட்டும் முகர்ந்தும் அறிதல், விசாரித்தல், தொட்டறிதல் என்று சீன, ஜப்பானிய மருத்துவத்தில் நான்கு சோதனைகள் உண்டு. முதலாவது சோதனைக்கு ஜப்பானில் ‘போஷின்’ என்று பெயர். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்விலும் நிறம், விழி, நா மூன்றும் இருப்பதால் நமக்கு இது அந்நியமான விஷயம் அல்ல.

முதலில் வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். ஜன்னலோரப் பகல் வெளிச்சமே நல்லது; மஞ்சள் பல்பு காமாலையைக்கூட மறைத்துவிடும். பவுடர், மஞ்சள் பூச்சு இருந்தால் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். துண்டால் தேய்த்த சிவப்பும், வெயிலில் வந்த சிவப்பும், சூடான காபி ஏற்றிய சிவப்பும் அடங்கப் பத்து நிமிடமாவது ஆகும்.

பிறகு நான்கடி தள்ளி உட்கார்ந்து சும்மா பேச்சுக் கொடுங்கள். கண்ணில் உயிர்ப்பு இருக்கிறதா, பார்வை பேச்சோடு ஒட்டி வருகிறதா என்று கவனியுங்கள். இந்த உயிர்ப்பைச் சீனர்கள் ‘ஷென்’ என்பார்கள். அது தெளிவாக இருந்தால் மற்ற குறிகள் சற்று மோசமானாலும் தேறிவிடுவார் என்பது பழைய கணக்கு. உற்று முறைக்காதீர்கள், முகம் இறுகிவிடும்.

அடுத்தது நிறம். பச்சை கல்லீரலுக்கு, சிவப்பு இதயத்துக்கு, மஞ்சள் மண்ணீரலுக்கு, வெள்ளை நுரையீரலுக்கு, கறுப்பு சிறுநீரகத்துக்கு. சுமார் ஈராயிரம் ஆண்டு பழைய சீன மருத்துவ நூலான ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு முகம் காட்டுகிறது: சேவல் கொண்டைச் சிவப்பு நல்லது, உறைந்த ரத்தச் சிவப்பு கெட்டது, காக்கை இறகின் கறுப்பு நல்லது, புகைக்கரிக் கறுப்பு கெட்டது. எந்த நிறம் என்பதைவிட, அதில் பளபளப்பு உண்டா என்பதுதான் முக்கியம். மாநிறத்தவரிடமும் கறுத்த தோலிலும் கன்னத்தை மட்டும் நம்பாதீர்கள். கண்ணோரம், வாயைச் சுற்றிய பகுதி இவற்றைக் கழுத்தின் நிறத்தோடு ஒப்பிடுங்கள். கீழிமையை மெல்ல இழுத்து உட்புறம் பாருங்கள். கண்ணின் வெண்மை மஞ்சளாக இருந்தால் ஷியாட்சுவை நிறுத்திவிட்டு டாக்டரிடம் அனுப்புங்கள். உதடு நீலம் பாரித்தாலோ, முகம் திடீரென்று ஒரு பக்கம் கோணினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

இனி இடம். நெய்ஜிங் கணக்கில் நெற்றி இதயம், மூக்கு மண்ணீரல், மோவாய் சிறுநீரகம், இடது கன்னம் கல்லீரல், வலது கன்னம் நுரையீரல். இடது என்றால் சிகிச்சைக்கு வந்தவருடைய இடது. எதிரே இருக்கும் உங்களுக்கு அது வலப்பக்கம். ‘மேக்ரோபயாடிக்’ உணவு முறையின் ஆசிரியர் மிச்சியோ குஷியின் வரைபடமோ வேறு: கல்லீரல் புருவ நடுவில், இதயம் மூக்கு நுனியில், நுரையீரல் இரு கன்னங்களிலும். இரண்டையும் கலந்தால் எந்த முகத்திலும் எந்த நோயையும் கண்டுபிடித்துவிடலாம்! ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்போதும் புருவ நடுவில் கோடு விழுந்தால் கல்லீரல் கெட்டது என்று சொல்லிவிடாதீர்கள். மூக்குக்கண்ணாடி பவர் மாறியிருக்கலாம்.

முகம் தருவது சந்தேகம் மட்டுமே. உதாரணமாக, கண்ணுக்குக் கீழே கருமை தெரிகிறது. சிறுநீரகம் என்கிறது மரபு. உடனே கேளுங்கள்: ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? சிறுநீர் கழிக்க எழுகிறீர்களா? இடுப்பு வலிக்கிறதா? பாதம் சில்லிடுகிறதா? உங்கள் அம்மாவுக்கும் இப்படித்தானா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பிறகு வயிறு. ஷிசுதோ மசுனாகாவின் (1925–1981) ஜென் ஷியாட்சுவில் ‘ஹரா’ எனப்படும் வயிற்றுப் பரிசோதனைக்குத்தான் முதலிடம். அவரது வயிற்று வரைபடத்தில் சிறுநீரகத்துக்கு உரிய இடத்தில் விரல்களைத் தட்டையாக வைத்து, சிகிச்சைக்கு வந்தவர் மூச்சு விடும்போது மெல்ல அமிழ்த்துங்கள். அங்கே குழைந்து வலுவின்றி இருந்தால் முகம் சொன்னதோடு ஒத்துப்போகிறது. உள்ளங்காலில் தொடங்கும் சிறுநீரக மெரிடியனில், அதாவது அதன் சக்திப் பாதையில், வேலையை ஆரம்பிக்கலாம். ஒத்துப்போகாவிட்டால் முகத்தை விட்டுவிட்டுக் கை சொல்வதைக் கேளுங்கள்.